தெரிந்த குரலில் கூப்பிடும்

பேய்க்கு அனுமதி கிடைத்துவிட்டது. தண்ணீருக்குத்தான் கிடைக்கவில்லை.

மாடம்பாக்கம் பத்மாவதி என்கிளேவ் குடியிருப்போர் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடி, பதினொன்றேகாலுக்கெல்லாம் இந்த முடிவை எடுத்தது. மொட்டை மாடியில் வடாம் காயவைக்கலாமா கூடாதா என்பதற்கு நாலு கூட்டம் போட்டு இன்னும் முடிவு காணாத சங்கம் அது. சி பிளாக் ஸ்ரீவித்யா டீச்சரின் பையன் ஹர்ஷா விஸ்காம் படித்து முடித்திருந்தான். நண்பர்களோடு சேர்ந்து யூடியூபுக்கு நாற்பது நிமிஷப் பேய்ப் படம் ஒன்று எடுக்கப் போவதாகவும், அதற்கு சி பிளாக் மாடிப்படி வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருந்தான்.

"பேய் வரட்டும்ப்பா, தாராளமா வரட்டும்," என்றார் தலைவர் அனந்தகிருஷ்ணன். இன்சூரன்ஸ் கம்பெனியில் ஓய்வு பெற்றவர், சி பிளாக்கிலேயே மூன்றாவது மாடி. "தண்ணி மட்டும் காட்டாதே. மழை வேண்டாம். தரை ஈரமாக்கூட இருக்கப்படாது. நாளைக்கு ஃப்ளாட் வாங்க வரவன் பாத்துட்டு, ஓ இது அந்த ஏரியாவான்னு கேட்டா எல்லாருக்கும்தான் நஷ்டம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் டிசம்பர் வெள்ளத்தில் இந்தக் காலனியின் கீழ்த்தளம் கழுத்தளவு முழுகியது. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின் மேல் அதற்குப் பிறகு மூன்று முறை பெயிண்ட் அடித்தாகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் கேட்டால் "எங்க பக்கம் கணுக்கால்தான்" என்று சொல்லவேண்டும், அது யாரும் எழுதி வைக்காத விதி. அந்த வெள்ளத்தில் இங்கே ஓர் உயிர் போனது என்பதையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

படத்துக்கு முதலில் கையைத் தூக்கியவள் ஸ்ரீவித்யா. பெற்ற பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கதையை எழுதுவதற்கு முன்னால் ஹர்ஷா மூன்று மாதம் காலனியில் வீடு வீடாக ஏறி இறங்கினான். உங்களுக்கு எது பயம் என்று கேட்டு, வந்த பதிலை ஃபோனில் பதிந்துகொண்டான். டெலிவரி பையன் மாதிரி வந்து கழுத்தில் கத்தி வைப்பார்கள் என்றாள் ஒருத்தி. கஷ்டம் என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்து பீரோவைத் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்றாள் இன்னொருத்தி. குழந்தை தண்ணீர் கேட்கிறது என்று வருவார்கள், பாவம் பார்த்தால் போச்சு என்றார் ஒரு பெரியவர். அவர் வீட்டு வாசலில் மரக்கதவு, அதற்கு முன்னால் கம்பிக்கதவு, அதற்கு மேலே கேமரா.

"ஒருத்தர்கூட பேய்னு சொல்லலம்மா," என்றான் ஹர்ஷா, சாப்பிட்டுக்கொண்டே. "எல்லாரும் கதவைத்தான் சொல்றாங்க. யாரோ தட்டுவாங்க, நாம இரக்கப்பட்டுத் தெறந்துடுவோம். அதான் பயம். அதனால என் பேய் உள்ளயே வராது. வெளியில நின்னு கூப்பிடும். நமக்குத் தெரிஞ்ச குரல்ல, கஷ்டப்படற குரல்ல. பாவம்னு தெறந்தவங்க செத்தாங்க. தெறக்காதவ பொழைச்சா. அவதான் ஹீரோயின்."

ஸ்ரீவித்யாவின் கை ரசக் கரண்டியோடு நின்றது. "இது எப்படிடா தோணிச்சு உனக்கு?"

"நீதானே சொன்னே, சின்ன வயசுல. தெரிஞ்ச குரல்ல கூப்பிடும், பதில் பேசப்படாதுன்னு. எப்பன்னு ஞாபகம் இல்ல. ஆனா ரொம்ப நாள் எனக்குத் தூக்கமே வரல, தெரியுமா?"

அவனுக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு நிமிஷம் உட்பட ஞாபகம் இருந்தது. சாயங்காலம் ஆறு முப்பத்தைந்து.

சி பிளாக் மாடிப்படியின் அடியில் ஒரு கிரில் கதவு உண்டு. அந்த நாளில் அதன் சாவி மாதத்துக்கு ஒரு வீடு என்று சுற்றி வரும். சாவி மாசம் என்று பெயர். யார் வீட்டில் சாவியோ அவர்கள்தான் பொழுது சாய்ந்ததும் பூட்டி, காலையில் பால் வரும் நேரத்துக்குத் திறக்கவேண்டும். அந்த டிசம்பர் ஸ்ரீவித்யாவின் முறை. கணவருக்கு ஹைதராபாத்தில் வேலை. வீட்டில் அவளும் பதின்மூன்று வயது ஹர்ஷாவும்தான்.

கீழ்த்தளம் முழுக்கக் கார் நிறுத்துமிடம். அதன் மூலையில் மோட்டார் அறை. அதை ஒட்டிய ஒரு பத்துக்குப் பத்தில்தான் வாட்ச்மேன் ஜெயவேலுவும் அவர் மனைவி முனியம்மாவும் குடியிருந்தார்கள். பெண் தீபா பத்தாவது முடித்துவிட்டுப் பதினொன்றில் இருந்தாள். அன்றைக்கு அவள் திருமுடிவாக்கத்தில் அத்தை வீட்டில் மாட்டிக்கொண்டாள். ஜெயவேலு மத்தியானமே பால் வாங்கப் போனவர் திரும்பவில்லை. மழையென்றும் பாராமல் பாலுக்கு அனுப்பியது ஸ்ரீவித்யாதான். ஹர்ஷாவுக்கு பூஸ்ட் குடிக்காமல் ஆகாது.

நாலு மணிக்கு ஏரி உடைந்தது. கரண்ட் காலையிலேயே போயிருந்தது. சாகப்போகிற ஃபோனில் கடைசியாக வந்தது ஒரு வாய்ஸ் மெசேஜ். முடிச்சூர் பக்கம் படகில் திருடர்கள் வருகிறார்கள், முன்னால் ஒரு பொம்பளையை அனுப்பி அழ வைக்கிறார்கள், திறந்தால் பின்னால் பத்துப் பேர். யார் பேசியது, யார் கண்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. அனந்தகிருஷ்ணன் மூன்றாவது மாடியிலிருந்து படி வழியாகக் கத்தினார்: யார் கூப்பிட்டாலும் விடியறவரைக்கும் கிரில்லைத் திறக்கப்படாது.

ஆறு முப்பத்தைந்துக்குக் கம்பி குலுங்கியது. ஸ்ரீவித்யா சாவியோடு வெளியே வந்து படி வளைவில் நின்றாள். அங்கிருந்து கிரில்லுக்கு ஏழு படி. கீழே கும்மிருட்டு, தண்ணீர் சுழலும் சத்தம், அதற்கு மேல் ஒரு குரல். அஞ்சு வருஷமாகத் தினமும் அவள் வீட்டில் பாத்திரம் தேய்த்த குரல். முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று அவள் ஊருக்குச் சொல்லலாம், தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியாது. முனியம்மாவுக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்று அவள் நம்பினாள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பத்துப் பேருக்குத்தான் பயந்தாள். கண்ணெதிரே கூப்பிட்டவளுக்கு இரங்கவில்லை.

"யாரும்மா? முனியம்மா அக்காவா?" என்று ஹர்ஷா பின்னாலிருந்து கேட்டான்.

"இல்லடா. தெரிஞ்ச குரல்லதான் கூப்பிடும். பதில் பேசப்படாது," என்று அவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் தண்ணீர் வடிந்தபோது முனியம்மா மோட்டார் அறை மூலையில் கிடந்தாள். மோட்டார் ஸ்விட்சை அணைத்துவைக்கப் போயிருப்பாள், வழுக்கியிருக்கும் என்று அனந்தகிருஷ்ணன் சொன்னார். மழைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஸ்ரீவித்யாவும் சொன்னாள். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்த ஜெயவேலுவின் கையில் நாலு பால் பாக்கெட் இருந்தது.

சங்கம் அவரை வேலையை விட்டு எடுக்கவில்லை. அதைப் பெரிய மனசு என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். சாவி மாசம் என்ற வழக்கத்தை நிறுத்தி, கிரில் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். அவரும் ஒன்பது வருஷமாகப் பூட்டித் திறக்கிறார். காலையில் ஸ்ரீவித்யா பள்ளிக்கூடம் கிளம்பும்போது "வணக்கம் டீச்சர்" என்பார். அந்த ஒரு வணக்கத்தை வாங்கிக்கொண்டு தெருமுனை தாண்டுவதற்குள் அவளுக்கு நாக்கு வறண்டுவிடும்.

இப்போது பெற்ற பிள்ளை எழுதியிருக்கிறான்: திறந்தவர்கள் செத்தார்கள், திறக்காதவள் பிழைத்தாள். அன்றிரவு ஸ்ரீவித்யா அந்தக் கதைத்தாளை மூன்று முறை படித்தாள். இதற்கு முன்னால் அவள் பேய்ப் படமே பார்த்ததில்லை. ஜனங்கள் ஏன் காசு கொடுத்துப் பயப்படுகிறார்கள் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வெளியே நின்றது பேய்தான் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், கதவைத் திறக்காதவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். அவளும் அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

அதன் பிறகு படத்துக்கு அவளைவிட உழைத்தவர்கள் இல்லை. பையன்களுக்கு மூன்று வேளையும் காபி போட்டாள். பேய் உடுத்த தன் பழைய நூல் புடவையைக் கொடுத்தாள். படப்பிடிப்புக்கு இரண்டு நாள் முன்னால் ஹர்ஷா தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிரில்லுக்கு வெளியே நின்று பேய் பேசும் வசனம் வரவில்லை. கதவைத் திற என்று எழுதினால் நாடகம் மாதிரி இருக்கிறது என்றான்.

"தெறன்னு அது கேக்காதுடா," என்றாள் ஸ்ரீவித்யா. "எழுதிக்கோ. அக்கா, நான்தான்க்கா. நீ தொறக்க வேணாம்க்கா. இத்த மட்டும் கம்பி சந்துல வாங்கிக்கோ. கவர்ல பாப்பா சர்டிபிகேட்டு கீது. நனைஞ்சா வீணாப் பூடும்க்கா."

ஹர்ஷா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "அம்மா, பிரமாதம்மா. பேய் சர்டிபிகேட்டை நீட்டும்னு ஒருத்தனுக்கும் தோணாது."

சொன்னதும் அவளுக்கு நெஞ்சு லேசானது. ஒன்பது வருஷம் உள்ளேயே கிடந்த வார்த்தை. பேயின் வாயில் போட்டுவிட்டால் அது பேயின் வார்த்தையாகிவிடும், முனியம்மாவுடையதாக இருக்காது என்று கணக்குப் போட்டாள். பி.எட். படித்தவள் போடுகிற கணக்கா இது. ஆனால் பாரத்தை இறக்கி வைக்க இடம் கிடைத்தவர்களுக்கு அது யார் வீட்டு வாசல் என்று பார்க்கத் தோன்றாது.

படப்பிடிப்பு சனிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு அரை நாள் ஸ்பெஷல் கிளாஸ், அப்புறம் பேப்பர் திருத்தும் வேலை. அவள் திரும்பும்போது மணி ஆறைத் தொட்டிருந்தது. மாடிப்படியின் பல்பைக் கழற்றிவிட்டு ஒரு நீல விளக்கு வைத்திருந்தார்கள். கிரில்லுக்கு வெளியே அவளுடைய புடவையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் சாம்பல் பூசிக்கொண்டு மெட்டில்டா என்ற பெண் நின்றாள். நாகர்கோவில்காரி. அவள் வாயில் 'கீது' என்ற சொல் படாதபாடு பட்டது.

"ஏழு டேக் ஆச்சும்மா," என்றான் ஹர்ஷா. "குரல் செட்டாகல. அதான் தீபா அக்காவைக் கூப்பிட்டேன். அவங்க பேசட்டும், மெட்டில்டா வாயசைக்கட்டும்."

கிரில்லைத் தாண்டிப் படியேறித் திரும்பியபோதுதான் ஸ்ரீவித்யா பார்த்தாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த கோலத்தில், மறைமலை நகர் ஃபேக்டரியின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல், கையில் வசனத் தாளோடு தீபா கிரில்லை ஒட்டி நின்றாள். ஷிஃப்ட் களைப்பிலும் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஜெயவேலு மகளைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறுத்து என்று சொல்ல ஸ்ரீவித்யா வாயெடுத்தாள். அதற்குள் ஹர்ஷா கையைக் காட்டிவிட்டான்.

"அக்கா," என்றாள் தீபா. "நான்தான்க்கா."

ஸ்ரீவித்யா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தாயின் குரல் மகளின் தொண்டையில் அப்படியே இருந்தது. அந்த இழுவை, அந்தக் கடைசி 'க்கா'வில் விழும் சின்ன அடைப்பு, எல்லாம்.

"நீ தொறக்க வேணாம்க்கா. இத்த மட்டும் கம்பி சந்துல வாங்கிக்கோ. கவர்ல பாப்பா..." தீபா நின்றாள். தாளை ஒரு தடவை கண்ணால் படித்தாள். பிறகு சத்தமாக, பாடம் ஒப்பிக்கிற மாதிரி, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் முடித்தாள். "பாப்பா சர்டிபிகேட்டு கீது. நனைஞ்சா வீணாப் பூடும்க்கா."

முடித்துவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயவேலு ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டிருந்தார்.

"தம்பி," என்றார் ஹர்ஷாவிடம். "இந்த வசனம் யாரு எழுதினது?"

"அம்மா சொன்னாங்கண்ணா. ஏன், நல்லா இல்லியா?"

ஜெயவேலு கிரில்லின் மேல் கம்பி ஒன்றைக் கையால் தொட்டார். கை எட்டிப் பிடிக்கிற உயரம். "இங்கதான் கட்டியிருந்திச்சு டீச்சர். முந்தானியக் கிழிச்சு, கவரை மூணு முடிச்சு போட்டு. யாரும் எறங்கி வரதுக்கு முன்னாடி நான் வந்து அவுத்தேன். எனுக்கும் பாப்பாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. செத்தவ சாமானுன்னு போலீஸ்காரன் எடுத்துகினு பூடுவானோன்னு சொல்லல. கட்டிட்டு மோட்டார் சுவிச்ச அணைக்கப் போச்சுன்னு நெனச்சேன். யாரையும் கூப்பிட்டுக்காது, அதுக்குக் கூச்சம் ஜாஸ்தின்னு நெனச்சேன்."

கேமரா வைத்திருந்த பையன் அதைக் கீழே இறக்கினான்.

கற்பனையாகச் சொன்னேன் என்று சொல்லிவிடலாம். ஸ்ரீவித்யாவின் நாக்கு நுனிவரை அது வந்தது. சொன்னால் ஜெயவேலு நம்பித்தான் ஆகவேண்டும், காலனி முழுக்க அவள் பக்கம் பேசும். ஆனால் ஹர்ஷாவின் முகம் மாறிக்கொண்டிருந்தது. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் அந்த முகத்துக்குள்ளிருந்து மெதுவாக எழுந்து வருவதை அவள் பார்த்தாள்.

"முனியம்மா அக்காவான்னு நான் கேட்டேன்ல?" என்றான் ஹர்ஷா. "நீ இல்லன்னே."

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

ஜெயவேலு கத்துவார், காறித் துப்புவார், குறைந்தபட்சம் மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தாள். எதைச் செய்தாலும் தாங்கிக்கொண்டிருப்பாள். அவர் கிரில்லைப் பிடித்துக்கொண்டு, ஏதோ சந்தேகம் கேட்கிற பெற்றோர் மாதிரி தணிவாகக் கேட்டார்.

"வேற இன்னா சொல்லிச்சு டீச்சர்?"

ஸ்ரீவித்யாவுக்கு அழுகை வந்தது. அழக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

"சொல்லுங்க டீச்சர். ஒம்போது வருசமா அது பேசினத எவனும் சொல்லி நான் கேக்கல. நீங்கதான் கடைசியா கேட்டிருக்கீங்க."

"நான் பதிலே பேசல," என்றாள் அவள். "நான் பயந்துபோய் நிக்கறேன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. பயப்படாதக்கா, நான்தான்னு சொன்னா. மூணு தடவை சொன்னா. அப்புறம் சத்தம் இல்ல."

"உங்களையா பயப்படாதன்னுச்சு?"

"ஆமா."

"அது அப்டித்தான்," என்றார் ஜெயவேலு. "ரூமுக்குள்ள பாம்பு பூந்த அன்னிக்கும், கட்டில் மேல ஏறி நின்ன என்னியத்தான் பயப்படாதன்னுச்சு."

தீபா தாளை நாலாக மடித்து ஹர்ஷாவின் சட்டைப் பையில் வைத்தாள். "வாப்பா போலாம்," என்றாள். ஸ்ரீவித்யாவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. ஜெயவேலு இடுப்பிலிருந்து கிரில் சாவியை எடுத்து, திறந்து தொங்கிக்கொண்டிருந்த பூட்டிலேயே செருகினார். காக்கிச் சட்டையைக் கழற்றி ஸ்டூலின் மேல் போட்டார். இரண்டு பேரும் கேட்டைத் தாண்டி நடந்தார்கள். ஹர்ஷா அவர்கள் பின்னாலேயே ஓடினான். "அண்ணா, அண்ணா" என்று அவன் கூப்பிடுவது தெருமுனைவரை கேட்டது.

மற்ற பையன்கள் சாமான்களை மூட்டை கட்டினார்கள். மெட்டில்டா புடவையை அவிழ்த்து மடித்து, என்ன சொல்வதென்று தெரியாமல் ஸ்ரீவித்யாவின் பக்கத்தில் படியில் வைத்துவிட்டுப் போனாள். கழற்றிய பல்ப் அவர்களுடைய ஏதோ ஒரு பெட்டியோடு போய்விட்டது.

ஸ்ரீவித்யா படியிலேயே உட்கார்ந்திருந்தாள். எண்ணிப் பார்த்தால் கீழிருந்து ஏழாவது படி. பொழுது முழுக்கச் சாய்ந்துவிட்டது. கைப்பைக்குள் ஃபோன் விடாமல் டிங் டிங் என்றது. சங்கத்து குரூப்பாக இருக்கும் என்று எடுக்காமலே தெரிந்தது. கேட் திறந்து கிடக்கிறது, வாட்ச்மேனைக் காணோம், யாராவது உள்ளே நுழைந்திருப்பார்கள், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள். சற்று நேரத்தில் மாடியில் ஒவ்வொரு கதவாகத் தாழ்ப்பாள் விழுந்தது.

செருப்புச் சத்தம் கேட்டது. சாயங்கால நடை முடிந்து அனந்தகிருஷ்ணன் வந்தார். கிரில் விரியத் திறந்து கிடப்பதைப் பார்த்து அப்படியே நின்றார். கையிலிருந்த ஃபோனின் வெளிச்சம் அவர் முகத்தில் மட்டும் விழுந்தது. இருட்டில் படி மேல் யாரோ உட்கார்ந்திருப்பது அவருக்கு நிழலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"யாரது?" என்றார். குரல் நடுங்கியது.

பயப்படாதீங்க, நான்தான். இரண்டே வார்த்தை. ஸ்ரீவித்யா வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. இன்னொருத்தியின் வார்த்தை அது. அவளிடமிருந்து வந்ததெல்லாம் ஒரு விசும்பல்.

"ஐயோ, யாரோ பொம்பளை அழுதுண்டு உக்காந்திருக்கா," என்று அனந்தகிருஷ்ணன் மாடியைப் பார்த்துக் கத்தினார். "யாரும் கதவைத் திறக்காதீங்கோ."

கத்திக்கொண்டே கிரில்லை வெளிப்பக்கமிருந்து இழுத்துச் சாத்தினார். பூட்டு விழுந்தது. சாவி திரும்பியது.